ஊறுகாய்ப் போத்தலில் ஒரு மஞ்சள் நூல்

ஒருவனுடைய கால் முடமானதற்கு அவனுடைய அக்காவின் முகம்தான் காரணம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், நீங்கள் தலையாட்டுவீர்களா, மாட்டீர்களா?

அவசரப்பட்டு மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டு தை மாதம் ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு வீடு நிறைய ஆட்கள் இருந்து தலையாட்டினார்கள். அவர்களில் ஊரில் வாத்தியாராக இருந்தவர் உண்டு. வங்கியில் இருந்தவர் உண்டு. சமத்துவம் என்று மேடையேறித் தொண்டை கிழியப் பேசியவரும் உண்டு. அந்த முகத்துக்குச் சொந்தக்காரி அடுத்த அறையில் நின்று அவர்களுக்குத்தான் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள்.

அவள் பெயர் தங்கேஸ்வரி. மட்டக்களப்புக்குத் தெற்கே வயல்கார ஊர். தகப்பன் இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்று வைத்திருந்தார். ஆண்பிள்ளை வெகு காலம் பிந்திப் பிறந்ததால், அந்த மெசினுக்கு ஒயில் மாற்றுவதும் அதன் காற்று வடியை, அதாவது பில்ரரை, கழுவிக் காயவைப்பதும் மூத்தவளின் வேலையாகிப்போனது. பிறகு கலியாணம். கலியாணம் முடிந்து இரண்டாம் வருடம், சுற்றிவளைப்பு ஒன்றில் ஆமிக்காரர் புருசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. தம்பியையும் அப்படிக் கொடுத்துவிட மனமில்லாமல், இருந்த நகையை விற்று, குஞ்சித்தம்பியை இழுத்துக்கொண்டு ரொறன்ரோ வந்து இறங்கினாள்.

அவர்களுக்கு இடம் கொடுத்தவர் செல்வரட்ணம். யாழ்ப்பாணத்தார், முன்னமே வந்து காலூன்றியவர். பார்க்டேலில் ஏழெட்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் முற்றங்களிலும் கார் நிறுத்துமிடங்களிலும் பனி தள்ளும் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது. புதிதாக வந்த பெடியன்களைத் தன் வீட்டு மேல்மாடியில் படுக்க விட்டு, கீழே வேலைக்கு இறக்குவார். தங்கேஸ்வரிக்குச் சமையல். குஞ்சித்தம்பிக்கு நாலுசில்லு.

நாலுசில்லு என்றால் மோட்டார்சைக்கிளைப் போல ஏறி இருந்து கைப்பிடியால் திருப்புகிற வண்டி. காடு, சேறு, பனி என்று எதன் மேலும் ஏறும். கொழுத்த நான்கு சக்கரம், முன்னால் பனி தள்ளும் இரும்புத் தகடு. பெருவிரலால் ஒரு பிடியை அமத்தினால் ஓடும், விட்டால் தணியும். அவ்வளவுதான் அதன் ஞானம். அதற்கு நல்ல நேரமும் தெரியாது, கெட்ட நேரமும் தெரியாது.

செல்வரட்ணத்துக்கு அவை மட்டும்தான் தெரியும். சுவரில் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கலண்டர் தொங்கும். அதில் போட்டிருக்கும் இராகு காலத்தை ரொறன்ரோ மணிக்கூட்டில் வைத்துப் பார்ப்பார். இராகு எந்த ஊர்ச் சூரியனைக் கேட்டு நடக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை எஞ்சின் திறக்கக்கூடாது. சனிக்கிழமை இரும்பில் கை வைக்கக்கூடாது. அட்டமி நவமி ஆகாது. மிச்ச நாளில் பனி பெய்யும், வேலை இருக்கும். ஆக, அந்த வண்டிக்குப் பராமரிப்பு என்ற ஒன்று நடந்ததே இல்லை. ஒயில் தார் மாதிரிக் கறுத்துக் கிடந்தது.

"அண்ணன், அந்த மெசினுக்கு ஒருக்கா ஒயில மாத்தி, பில்ரரக் கழுவித் தரட்டா?" என்று தங்கேஸ்வரி ஒரு நாள் கேட்டாள்.

செல்வரட்ணம் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். "நீ அதிலை கை வைக்காதை பிள்ளை. புருசனைத் திண்ட கை." பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அதோடை மட்டக்களப்புக்காரி. தொட்டா நாங்கள் எல்லாம் பாயோடை ஒட்டிப்போவம்."

எல்லோரும் சிரித்தார்கள். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தாரின் பழைய கேலி. கேலி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அன்றிலிருந்து செல்வரட்ணம் வண்டியை எடுக்கும்போது அவள் வாசலுக்கு வந்தால் முகத்தைத் திருப்பினார். இது தங்கேஸ்வரி கண்ட உண்மை.

தைப்பொங்கலன்று வண்டிக்குச் சந்தனம் பூசி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார். இரண்டாம் நாள் காலை நல்ல பனி. வேலைக்குப் புறப்பட்ட தம்பிக்குத் தங்கேஸ்வரி வாசல்வரை போய்த் தேத்தண்ணி கொடுத்தாள். மத்தியானத்துக்கு முன், கட்டடம் ஒன்றின் பின்புறத்தில், நாலுசில்லு குஞ்சித்தம்பியின் சொல் கேளாமல் பாய்ந்து கொங்கிறீட் சுவரில் மோதியது. இரும்புத் தகட்டுச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் அவன் வலது முழங்கால்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செல்வரட்ணம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டார். "படியிலை வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லு. வேலை செய்யிற பேமிற் இன்னும் வரேல்லைத்தானே? வேலையிலை அடிபட்டது எண்டு தெரிஞ்சா உன்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்." அவன் அப்படியே சொன்னான். முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

வீட்டுக்கு வந்து செல்வரட்ணம் இன்னொரு பாடம் நடத்தினார். "வாசல்லை வெள்ளைச் சீலையோடை உவள் நிண்டவள். நான் கண்டனான். அறுதலி முகத்திலை முழிச்சிட்டுப் போனா என்ன நடக்கும்?" தங்கேஸ்வரி அன்று உடுத்தியிருந்தது யாரோ கொடுத்த நீல நிறக் குளிர் உடுப்பு. இருந்தும் வெள்ளைச் சீலை என்றார். வீடு தலையாட்டியது.

அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. ஆஸ்பத்திரியால் வந்த தம்பி, அவள் குழைத்துக் கொண்டுபோன சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"வச்சிட்டுப் போ அக்கா. கிட்ட வராத."

தான் தூக்கி வளர்த்த பிள்ளை. செல்வரட்ணம் அவளிடமிருந்து பறித்தது அவனை. அந்த இடத்தில் அவள் அழவில்லை. 'உன்ன விடமாட்டன்டா' என்று மனதுக்குள் சொன்னாள். தம்பியைப் பார்த்து அல்ல.

பார்க்டேலை விட்டு நகரத்தின் மறுகரைக்கு, வெக்ஸ்போர்ட்டுக்கு, தனியாக வந்தாள். லோறன்ஸ் வீதிக் கடைத்தொகுதி ஒன்றின் பின்புறத்தில் பஸ்ரியன் என்பவர் சின்ன எஞ்சின்கள் திருத்தும் கடை வைத்திருந்தார். பாசையூர்க் கடற்கரையில் படகு எஞ்சின்களோடு வளர்ந்த கத்தோலிக்கர். கூட்டித் துடைக்க ஆள் கேட்டார். போனவள் மூன்றாம் நாள் அவர் ஒரு புல்வெட்டும் மெசினின் பில்ரரைப் பிழிந்த விதத்தைப் பார்த்து, "முறுக்காதீங்க அண்ணன், கிழியும். பொத்திப் பிழியுங்க" என்றாள்.

பஸ்ரியன் பில்ரரை அவள் கையில் கொடுத்தார். "இந்தா, நீயே பொத்து. எனக்குக் கூட்டத் தெரியும்."

காசுமேசைக்கு மேலே அந்தோனியார் படம் ஒன்று மாட்டியிருந்தார். தங்கேஸ்வரி அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அந்தோனியார் சுவரோடு நின்றுகொண்டார், எஞ்சினுக்குள் இறங்கவில்லை.

அந்த வருடம் கார்த்திகையில், முதற்பனிக்கு முன், பிக்கப் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு ஒரு நாலுசில்லு வந்தது. முன்தகட்டின் இடதுமூலை நெளிந்திருந்தது. சந்தனப் பொட்டுக் காய்ந்து கிடந்தது. பின்கதவு இடைவெளியால் பார்த்த தங்கேஸ்வரி வண்டியை உடனே அடையாளம் கண்டாள். செல்வரட்ணம் பஸ்ரியனோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"தையிலை இருந்து தார்ப்பாய்க்குக் கீழை கிடந்தது அண்ணை. ஒருத்தரும் ஏறமாட்டினமாம், பயந்தாங்கொள்ளியள். இந்த முறை நானே ஓடப்போறன். ஒரு வழமையான சேர்விஸ் செய்து தாங்கோ, காணும்."

வாங்கின இடத்தில் திருத்தக் கொடுத்தால் நெளிவைப் பற்றிக் கேள்வி வரும் என்றுதான் நகரத்தின் மறுமுனைக்குக் கொண்டுவந்திருந்தார். அவள் அங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியாது.

வண்டி தங்கேஸ்வரியின் மேசைக்கு வந்தது. எல்லா வண்டிக்கும் செய்கிற ஒழுங்கிலேயே தொடங்கினாள். எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி ஒயிலை வடியவிட வேண்டும். கிளப்பிப் பார்த்தபோதே அது உறுமி ஏறியது; பிடியை விட்டும் தணியவில்லை. சாவியைத் திருப்பி நிறுத்தினாள். ஒயிலை வடித்தாள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், அடுப்புக்கரி. பிறகு இருக்கையைத் தூக்கி, அதன் கீழே இருக்கும் காற்றுப்பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

பில்ரருக்குப் பின்னால், எஞ்சின் மூச்சு இழுக்கிற குழாயின் வாயில், ஒரு கடதாசிப் பொட்டலம் செருகிக் கிடந்தது. கோயில் பொட்டலம். பெற்றோல் ஆவியில் கடதாசி நைந்து கிழிந்திருந்தது. உள்ளே சின்னச் செப்புத் தகடு, கொஞ்சம் குங்குமம். திருநீறு முக்கால்வாசி இல்லை.

அது எங்கே போயிருக்கும்? மூச்சோடு உள்ளேதான் போயிருக்கும். காற்றையும் பெற்றோலையும் கலக்கிற காபுரேற்றரைக் கழற்றினாள். அதற்குள் மேலும் கீழும் போய்க் காற்றைக் கூட்டிக் குறைக்கிற உருளை ஒன்று உண்டு. பிடியை விட்டதும் அது கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஈரத்தில் குழைந்து இறுகிய சாம்பல் அதன் பக்கத்தில் சுண்ணாம்பு மாதிரி அப்பியிருந்தது. அந்தச் சாம்பலுக்குள், உருளைக்கும் சுவருக்கும் நடுவே, பொட்டலம் கட்டிய மஞ்சள் நூல் ஆப்பு வைத்தது போல இறுகிக் கிடந்தது.

தங்கேஸ்வரி வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

வெளியிலிருந்து தூசி போகாமல் தடுக்கத்தான் அந்தப் பில்ரரைப் போட்டிருக்கிறான் வண்டியைச் செய்தவன். பில்ரருக்கு உள்ளே கையை விட்டுச் சாம்பலை வைத்தவனை எந்தப் பில்ரர் தடுக்கும்?

அவளுக்கு முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணமல்ல. நூலைத் திரும்ப வை. மூடியைப் பூட்டு. ஒயிலை மட்டும் மாற்றிக் கொடு. இந்த முறை அவர்தானே ஓடப்போகிறார். அவருடைய முழங்கால், அவருடைய திருநீறு. உண்மையிலேயே உருளையை இருந்தபடி உள்ளே இறக்கினாள். திருகாணி ஒன்றையும் பாதி முறுக்கிவிட்டாள்.

அந்த இடத்தில் கை நின்றது. இரக்கத்தால் என்று நினைத்தால் நீங்கள் அவளை அறியவில்லை. செல்வரட்ணம் இரண்டு நாள் ஓடுவார். மூன்றாம் நாள் குளிரும். ஊரிலிருந்து நேற்று வந்து இறங்கிய எவனோ ஒருவனை ஏற்றிவிடுவார். அவனுக்கும் ஒரு அக்காவோ அம்மாவோ இருப்பாள், அவள் முகத்தில் பழி விழும். அவள் கேட்ட பழிவாங்கல் அதுவல்ல. அவள் திருகாணியைத் திரும்பக் கழற்றினாள்.

செல்வரட்ணம் வண்டியை எடுக்க இரண்டு வேலையாட்களோடு வந்தார். இருவரும் பார்க்டேல் வீட்டில் அவள் கையால் தின்றவர்கள், பிறகு தலையாட்டியவர்கள். அவளைக் கண்டதும் செல்வரட்ணம் ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.

"நீ இஞ்சையோ?"

"ஓம் அண்ணன். வயிறு இருக்கே." குரலில் தேன் வடிந்தது. பொட்டலத்தை ஒரு சுத்தமான துணியில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "மெசினுக்க இது கிடந்தது. சாமிப் பொருள், குப்பையில போடப் பயமா இருந்தது. உங்கடயா?"

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களோ அண்ணை," என்று பஸ்ரியன் பக்கம் திரும்பினார். "பொங்கலண்டு நானே என்ரை கையாலை வைச்சனான். ஒருத்தரையும் தொட விடேல்லை. ஊர் அம்மன் கோயில்லை மந்திரிச்சு எடுப்பிச்சது."

"எதுக்கு அண்ணன்?"

"எதுக்கோ? உன்ரை ஊர் ஆக்களின்ரை செய்வினைக்குத்தான்!" கூட வந்தவர்கள் வழக்கம் போலச் சிரித்தார்கள்.

"பொங்கலண்டைக்கு வச்சது. தம்பிக்கு அடிபட்டது அதுக்கு இரண்டாம் நாள். என்ன?"

"ஓம், அதுக்கு இப்ப என்ன?"

தங்கேஸ்வரி மேசையில் கிடந்த துணியை விலக்கினாள். காபுரேற்றர் கழற்றியபடி இருந்தது. "இதில பெருவிரல வச்சு அமத்துங்க." இரண்டு பேரில் மூத்தவனைத்தான் கூப்பிட்டாள். அவன் உருளையை மேலே தள்ளினான். "இப்ப விடுங்க."

விட்டான். உருளை மேலேயே நின்றது. குனிந்து பார்த்தான். மஞ்சள் நூலைக் கண்டான். திருநீற்றைக் கண்டான். வாய் திறந்தபடி செல்வரட்ணத்தைப் பார்த்தான். கடைக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை.

"சாமியப் பகிடி பண்ணாதை!" செல்வரட்ணம் கத்தினார். "நீதான் இதை உள்ளுக்கை செருகியிருப்பாய்!"

"வச்சது நான்தான், ஒருத்தரையும் தொட விடல்ல எண்டு இப்பத்தானே அண்ணன் சொன்னீங்க?" தேன் எல்லாம் போய்விட்டது. "என்ர தம்பிர கால உடைச்சது என்ர மூஞ்சி இல்ல. உங்கட பயம். மட்டக்களப்பாள் பாயோட ஒட்டிப்போடுவாள் எண்டு பயந்து பயந்து, உருளைய ஒட்டிப்போட்டீங்க!"

பஸ்ரியன் புது உருளை போட்டு, கழுவ வேண்டியதைக் கழுவி, வண்டியைச் சரியாகவே கொடுத்தார். பழைய உருளையைத் தங்கேஸ்வரி கொடுக்கவில்லை. நூலோடும் சாம்பலோடும் அதை ஒரு கண்ணாடி ஊறுகாய்ப் போத்தலில் போட்டு மூடிக் காசுமேசையில் வைத்தாள், அந்தோனியாருக்கு நேர் கீழே. "இது என்ன?" என்று கேட்கிற ஒவ்வொரு தமிழருக்கும் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, பெயரை மறைக்கவுமில்லை. மார்கழிக்குள் கதை பார்க்டேலுக்கும் ரெக்ஸ்டேலுக்கும் போய்விட்டது. செல்வரட்ணம் கடைகண்ணிக்குப் போனால், "அண்ணை, காருக்குத் திருநீறு போட்டாச்சோ?" என்று பெடியன்கள் கேட்டார்கள்.

அவர் தனியாக வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, ஊர் சிரிக்குது. உந்தப் போத்தலை எடுத்துவிடு."

"சிரிக்கட்டும். நான் சோறு வடிக்கக்க சிரிச்ச ஊர்தானே."

"நான் சொன்னா குஞ்சித்தம்பி உன்னட்டை வருவான். நான் சொல்லுறன்."

"நீங்க சொல்லித்தான் போனவன். நீங்க சொல்லி வரத் தேவையில்ல." அவள் சவர்க்காரத் தண்ணீரில் பில்ரரைப் பொத்திப் பிழிந்தாள். "அந்த வீட்டு ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அதே இடத்தில இருந்து, 'என்ர பிழை' எண்டு சொல்லுங்க. போத்தல உடனே எடுக்கிறன்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். போத்தலைத் துடைத்து இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைத்தாள்.

தை பிறந்தபின் ஒரு நாள், ஸ்ரீற்கார், சப்வே, பஸ் என்று மாறி மாறி ஏறி, மடங்காத காலை இழுத்துக்கொண்டு குஞ்சித்தம்பி வந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே போத்தலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நான் கைய விட்டன் அக்கா," என்றான். "அண்டைக்கு. விட்டது எனக்குத் தெரியும். விட்டும் அது நிக்கல்ல. எல்லாருக்கும் சொன்னன். ஒருத்தரும் கேக்கல்ல. பிறகு... எனக்கே சந்தேகமாப் போச்சு."

"என்னட்டச் சொன்னாயா?"

அவன் போத்தலின் மூடியைத் தடவினான்.

"வருசம் ஒண்டாப் போச்சு. என்ர கையால ஒரு வாய் சோறு தின்னல்ல நீ. அந்தாள் பிறத்தி. அவர் சொன்னார், சொல்லட்டும். நீ எப்பிடிடா நம்பினாய்?"

"அடி அக்கா."

"அடிக்கமாட்டன். இந்தா." ஈரமாக இருந்த பில்ரரை அவன் கையில் வைத்தாள். "முறுக்காத. பொத்திப் பிழி. பிழிஞ்சிட்டு, மேசையில மூடி வச்ச கோப்பைக்க சோறு இருக்கு, எடுத்துத் தின்."

அவன் பிழிந்தான். கண்ணாலும் வழிந்தது. பிறகு, அவள் முன்னால் இருந்து சாப்பிட்டான். கோப்பையை வழித்துவிட்டுக் கேட்டான்:

"அந்தப் போத்தலத் தாறியா? வேலையில அடிபட்ட ஆக்களுக்கு நட்டஈடு குடுக்கிற அரசாங்கக் கந்தோர் ஒண்டு இருக்காம். படியில விழல்ல எண்டு போய்ச் சொல்லப்போறன்."

"திருப்பி அனுப்புவாங்க எண்டு பயமில்லயா?"

"பயம்தான்."

தங்கேஸ்வரி மேலங்கியை மாட்டினாள். "போத்தல் தரமாட்டன்," என்றாள். "நானே தூக்கிட்டு வாறன்."

அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அப்படி வெருட்டியதற்கே அந்தக் கந்தோரில் செல்வரட்ணம் பதில் சொல்ல வேண்டி வந்தது. கடையில் உருளையை அமத்திப் பார்த்த அந்த மூத்த வேலையாள் போய்ச் சாட்சி சொன்னான். அடுத்த மாரியில் பார்க்டேல் கட்டடக்காரர்கள் பனி தள்ள வேறு ஆள் பிடித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று தங்கேஸ்வரி தன் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடித்தாள். மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். போத்தல் இன்னும் காசுமேசையில்தான் இருக்கிறது.

படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் ஒருவன் உங்கள் வீட்டு மேல்மாடியிலும் இருக்கலாம். ராசியையும் முகத்தையும் பற்றிப் பேசுகிறவர்களுக்குத் தலையாட்டுவதை விட்டுவிட்டு, அவனிடம் போய் உண்மையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டபின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அந்தக் கந்தோர்வரை அவனோடு கூடப் போங்கள்.